இறுகிய இடது தோள்: ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

தோள்வலியோடு வருபவருக்குக் கையில் ஸ்கேன் அறிக்கை இருந்தால், அதில் எழுதியிருக்கும் நோயின் பெயரே சிகிச்சையாகிவிடுகிறது. இந்த நிகழ்வில் அப்படித்தான் நடந்தது. அதனால் தோள் மேலும் மோசமானது. பிறகு வகைப்படுத்தலை முதலிலிருந்து செய்து, எவ்வளவு அழுத்தம், எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்று அளவு குறித்தபோது தோள் திரும்பியது. பிசியோதெரபி செய்பவர்களும் படிப்பவர்களும் எடுத்தாளும் வகையில் அளவுகளோடு பதிவு செய்கிறோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

51 வயதுப் பெண். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பகுதியில் கணவரோடு சேர்ந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். வலக்கைப் பழக்கம். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகப் போடுவதில்லை. தைராய்டு பரிசோதனை செய்ததில்லை.

வேலையை நுணுக்கமாகக் கேட்டுக்கொள்வது இங்கே அவசியம். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஏறத்தாழ 300 மரம். ஒட்டு மரத்தில் முதல் வெட்டு, ஒட்டுச் சேர்ந்த இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் தொடங்கி ஆண்டுக்காண்டு கீழே இறங்கும். அந்த உயரத்தில் தோளுக்குப் பெரிய பாரமில்லை. கீழ்ப்பட்டை தீர்ந்த முதிய மரங்களில் மேல்பட்டையை வெட்டுவார்கள். அப்போது நீளக் கைப்பிடிக் கத்தியைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்ற வேண்டும். இவருடைய தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மரம் மேல்வெட்டு. பிறகு சிரட்டையிலிருந்து பாலை வாளியில் சேகரிப்பது, உறையவைத்துக் கைரோலரில் ஷீட் அடிப்பது, ஷீட்டைக் கொடியில் போடுவது. கடைசி இரண்டும் தோளை மறுபடி வேலை வாங்குபவை.

வலி நவம்பர் மாதம் இடது தோளில் தொடங்கியது. விழவில்லை, அடிபடவில்லை. முதலில் ஊரில் நாட்டு வைத்தியம் செய்யும் ஆசானிடம் போய்த் தைலம் தடவியிருக்கிறார். இரண்டு வாரம் இதமாக இருந்தது. கை மேலே போகவில்லை என்று அடுத்த முறை இழுத்துத் தூக்கியபோது வலி இரட்டித்தது. மூன்றாம் மாதம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாரில் பகுதிக் கிழிசல், தோள்முகட்டின் கீழ் நீர்ப்பையில் வீக்கம் என்று அறிக்கை வந்தது. அதை வைத்து ஓரிடத்தில் கிழிசலுக்கான பயிற்சி தொடங்கியது: இழுவை ரப்பர், கப்பி, சுவரில் பொருத்திய தோள்சக்கரம், தினமும் அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை. வலியைத் தாங்கிக்கொண்டு சுற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வாரம் போன பிறகு தலை பின்னவும் முடியாமல், மே மாதத் தொடக்கத்தில் எங்களிடம் வந்தார். அப்போது வலி தொடங்கி ஆறு மாதம்.

முதல் வருகையில் கேட்டவை

"கை பொங்க (மேலே எழ) மாட்டேங்கு சாரே, ராத்திரி ஒறக்கமே இல்ல" என்பதுதான் அவர் சொன்ன முதல் குறை. இரவு வலி பத்துக்கு எட்டு. அசையாமல் இருக்கும்போது ஐந்து. கை தவறி எதிலாவது இடித்தாலோ, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கை தன்னால் உயர்ந்தாலோ, ஒரு நிமிடம் மூச்சு நிற்பது போன்ற வலி. அது அடங்க ஒன்றிரண்டு மணி நேரம். ஒருமுறை கிளறிவிட்டால் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்ற இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் பின்னால் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்கும். அதனால் கடிகாரக் கணக்கில் கேட்டு எழுதிக்கொண்டோம்.

இடது தோள், 50 வயதைக் கடந்தவர், சர்க்கரை. இந்த மூன்றும் சேர்ந்தால் இதயத்தை விசாரிக்காமல் மேலே போகக்கூடாது. நடந்தால், மேடு ஏறினால் வலி கூடுகிறதா, வியர்வையோ மூச்சிறைப்போ உண்டா என்று கேட்டோம்; இல்லை. தோளை அசைத்தால்தான் வலி. காய்ச்சல், எடை குறைவு, பழைய புற்றுநோய் கிடையாது. வலிப்பு வந்ததுண்டா, மின்சாரம் தாக்கியதுண்டா என்றும் கேட்டோம். வலிப்பில் தோள் பின்பக்கமாக விலகிப் பூட்டிக்கொண்டால், வெளிப்பார்வைக்கு அது, மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போகும் 'உறைந்த தோள்' நோயைப் போலவே இருக்கும். பல மாதம் தெரியாமல் போகிற விலகல் அது.

ஸ்பாடி வினாத்தாளில் 13 கேள்விகள். வலிக்கு ஐந்து, அன்றாடச் செயலுக்கு எட்டு. மொத்தம் 100-க்கு 78 வந்தது. எண் கூடக் கூட நிலை மோசம். வாசிக்கத் தயங்கியதால் கேள்விகளைப் படித்துக் காட்டி நிரப்பினோம்.

பரிசோதனையில் கண்டவை

முதலில் கழுத்து. எல்லாத் திசையிலும் திருப்பி, இடப்பக்கம் சாய்த்துப் பின்னால் வளைத்து மெல்ல அழுத்தியபோது தோள்வலி வரவில்லை. கை உணர்ச்சியும் முழங்கை மடக்கும் வலுவும் சரி. கழுத்து நரம்பிலிருந்து வரும் வலி என்பது விலகியது.

அடுத்து, முழுப் பரிசோதனையின் அச்சாணி: கையைப் பக்கத்தில் வைத்துச் செய்யும் பிறர்வழி வெளிச்சுழற்சி. நோயாளி தசையை இயக்காமல் நாம் திருப்பும்போது எவ்வளவு போகிறது என்ற அளவு. அவசரத்தில் அதிகம் தவறாக அளக்கப்படுவதும் இதுதான் என்பதால் செய்முறையை விரிவாகவே எழுதுகிறோம். மல்லாந்து படுக்கவைக்க வேண்டும். மேற்கை உடலோடு ஒட்டியிருக்க, முழங்கையின் கீழே மடித்த துண்டு. துண்டு இல்லையென்றால் மேற்கை பின்னால் சரிந்து உறையின் முன்பகுதி முன்கூட்டியே இழுபடும், அளவு பொய்யாகும். முழங்கை 90 பாகை மடங்கி முன்கை நேர்மேலே நிற்க வேண்டும். அதுதான் சுழியம். கோணமானியின் அச்சு முழங்கை முனையில், நிலைக்கோல் தரைக்குச் செங்குத்தாக, நகரும் கோல் முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்போடு. ஒரு கையால் முழங்கையை உடலோடு பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் மணிக்கட்டுக்கு மேலே பிடித்து மெதுவாக வெளியே இறக்க வேண்டும். முழங்கை உடலை விட்டு விலகினாலும், உடம்பு அந்தப் பக்கம் உருண்டாலும் 15, 20 பாகை கள்ளத்தனமாகக் கூடிவிடும். வலி எந்தக் கோணத்தில் தொடங்குகிறது, தடை எந்தக் கோணத்தில் தொடங்குகிறது என்று இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

இவருக்கு வலத்தோளில் 72 பாகை. இடத்தோளில் 12. வலி 5 பாகையிலேயே வந்துவிட்டது. தடையைத் தொடுவதற்கு முன்பே வலி. பிறர்வழி முன்னுயர்த்தல் இடம் 105, வலம் 168. அவராகவே தூக்கும்போது இடம் 90. தோள்பட்டை எலும்பை அமர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் உயர்த்தியபோது 50. முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் வலக்கையில் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை உயரம்வரை போனது, இடக்கையில் பிட்டத்தைத் தாண்டவில்லை.

வலுவைப் பார்க்கும்போது கையை வலி இல்லாத நிலையில், பக்கத்திலேயே வைத்து, அசைவில்லாமல் எதிர்த்து அழுத்தச் சொன்னோம். வெளிச்சுழற்சி வலுவாக இருந்தது, வலி இரண்டு. கையை வெளியே திருப்பி விட்டால் தானாக உள்ளே விழும் பின்தங்கல் குறியும் இல்லை. பெரிய கிழிசல் இருந்தால் இப்படி இருக்காது.

தசைநார் எலும்பில் உரசுகிறதா என்று பார்க்கும் ஹாக்கின்ஸ், நீர் (Neer) ஆகிய இரண்டு உரசல் சோதனைகளும் முந்தைய குறிப்பில் 'பாசிட்டிவ்' என்று இருந்தன. அவற்றை நாங்கள் செய்யவில்லை. இறுகிய உறையை முனைவரை திருப்பினால் யாருக்கும் வலிக்கும். அந்த வலிக்கு உரசல் என்று அர்த்தமில்லை. பிறர்வழி அசைவு முழுமையாக இருக்கும் தோளில்தான் இந்தச் சோதனைகளுக்குப் பொருள் உண்டு.

வகைப்படுத்தல்

மாவட்டத்தில் நாம் பார்க்கும் பெரும்பாலான தோள்கள் மூன்று கூட்டத்துக்குள் அடங்கும். பிறர்வழி அசைவே, அதிலும் வெளிச்சுழற்சி, குறைந்துவிட்ட இறுக்கத் தோள் ஒன்று. நாம் தூக்கினால் முழுதும் போகும், அவராகத் தூக்கினால் 60-இலிருந்து 120 பாகைக்குள் வலிக்கும் அல்லது வலு குறையும் ரொட்டேட்டர் கஃப் (தோளைச் சுற்றிப் பிடிக்கும் தசைநார்த் தொகுதி) தோள் இன்னொன்று; கடற்கரையில் கரைமடி இழுப்பவர்களிடமும் கொத்தனார்களிடமும் இது மிகுதி. மூன்றாவது நழுவும் தோள்: இளவயது, கபடியில் ஒருமுறையாவது விலகிய வரலாறு, கையைத் தூக்கி வெளியே திருப்பினால் வலியைவிட முந்திக்கொண்டு வரும் பயம். காறை எலும்பு முனை மூட்டு வலி, கழுத்திலிருந்து இறங்கும் வலி ஆகியவை தனி.

இவர் முதல் கூட்டம் என்பதில் ஐயமில்லை. வெளிச்சுழற்சி மறுபக்கத்தில் பாதிக்கும் குறைவு, 30 பாகைக்கும் கீழே. மற்ற திசைகளிலும் இழப்பு. ஆனால் வெளிச்சுழற்சி இப்படி அடைபடுவதற்கு உறைந்த தோளோடு இன்னும் இரண்டு காரணம் உண்டு. தோள்மூட்டுத் தேய்மானம், பின்பக்க விலகல். மூன்றையும் பிரிப்பது சாதாரண எக்ஸ்ரே. முன்பக்கப் படம் மட்டும் எடுத்தால் பின்விலகல் தப்பிவிடும். அக்குள் வழியாகவோ பக்கவாட்டிலோ இன்னொரு படம் வேண்டும். எலும்பு மருத்துவருக்குக் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டே அனுப்பினோம். இரண்டு படமும் இயல்பாக வந்தன. ஃப்ரோசன் ஷோல்டர் என்று எல்லோரும் சொல்லும் உறைந்த தோள் என மருத்துவர் உறுதி செய்தார்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. காட்டிய கிழிசல்? அது இருந்திருக்கும். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் தோளில் எந்தக் குறையும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் 34 சதவீதத்தினரிடம் கிழிசல் இருந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் 54 சதவீதம். வயதோடு வரும் மாற்றத்தை வலிக்குக் காரணமாக்க, கையால் செய்யும் பரிசோதனையும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒத்துப்போகவில்லை.

நோயின் பெயரோடு வகைப்படுத்தல் முடியவில்லை. 2015-இல் மெக்ளூர், மிச்சனர் இருவரும் வெளியிட்ட ஸ்டார் வகைப்பாடு, பெயருக்கு அப்பால் திசுவின் சீற்ற நிலையையும், அதாவது அது எவ்வளவு எளிதில் கிளறப்படுகிறது என்பதையும், குறிக்கச் சொல்கிறது. வலி பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ, இரவிலும் ஓய்விலும் தொடர்ந்து வலி, அசைவின் முனைக்கு முன்பே வலி, தானே தூக்கும் அளவு பிறர் தூக்கும் அளவைவிடக் குறைவு: இது உயர்நிலை. வலி நான்கிலிருந்து ஆறு, இரவு வலி விட்டுவிட்டு, முனையில் மட்டும் வலி: நடுநிலை. மூன்றோ அதற்குக் கீழோ, இரவு வலி இல்லை, முனையில் கூடுதலாக அழுத்தினால்தான் வலி: தாழ்நிலை. ஒரே உறைந்த தோளுக்கு இந்த மூன்று நிலையிலும் மூன்று வேறு சிகிச்சை. இவர் உயர்நிலையில் இருந்தபோது தாழ்நிலைக்குரிய பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இறுக்கத்தை உடைத்து எடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. இவருடைய கணவரும் "நல்லா அமுக்கி விடுங்க சாரே, அவ பொறுத்துக்கிடுவா" என்றார். அதனால் முதல் வருகையில் பாதி நேரம் இதை விளக்கவே போனது. உறையில் அழற்சி உச்சத்தில் இருக்கும்போது இழுத்தால் அழற்சி கூடும், தசைகள் தற்காப்பாக இறுகும், அளவு மேலும் குறையும். அவர் இழந்த கோணத்தில் ஒரு பங்கு இந்தத் தசை இறுக்கமாகவே இருந்திருக்கும். உறைந்த தோள் உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்ததும் கோணம் கூடுவது பதிவாகியுள்ளது. நெதர்லாந்தில் 77 பேரைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், வலிக்குள் நின்று மெதுவாக இயக்கியவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு ஆண்டில் நல்ல நிலையை எட்டினார்கள். வலியைத் தாண்டி இழுத்துச் சிகிச்சை பெற்றவர்களில் 63 சதவீதம்தான்.

எனவே இழுவை ரப்பர், கப்பி, தோள்சக்கரம் மூன்றையும் அன்றே நிறுத்தினோம். அல்ட்ராசவுண்டையும் விட்டோம், இதற்கு அதனால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை, தினமும் பேருந்தில் வந்துபோகும் அலைச்சல்தான் மிச்சம். வாரம் ஒரு வருகை போதும், மீதி வீட்டில் என்று வைத்தோம்.

அடுத்த முடிவு, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசிக்காக எலும்பு மருத்துவரின் கருத்தைக் கேட்பது. உயர்நிலைச் சீற்றத்தில் ஊசியும் மெல்லிய பயிற்சியும் சேர்ந்தால், முதல் ஒன்றரை மாதத்தில் பயிற்சி மட்டும் செய்வதைவிட வலி வேகமாக இறங்கும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. தடையாக நின்றது சர்க்கரை. சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1, வெறும் வயிற்றில் 210. ஊசி மருந்து சர்க்கரையைச் சில நாள் ஏற்றும் என்பதால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார் மருத்துவர். சர்க்கரை நோயாளிகளுக்கு உறைந்த தோள் மற்றவர்களைவிடப் பல மடங்கு வருகிறது, வந்தால் மெதுவாகத்தான் விலகுகிறது. ஆகவே இது ஊசிக்கான ஏற்பாடு மட்டுமல்ல, தோள் சிகிச்சையின் ஒரு பகுதியே. தைராய்டும் பார்க்கப்பட்டது, இயல்பு.

முதல் மூன்று வாரம்: உயர்நிலை

உறக்கத்தைச் சரிசெய்வதில் தொடங்கினோம். மல்லாந்து படுக்கும்போது மேற்கையின் கீழே மடித்த துண்டு, முழங்கை உடலைவிடத் தாழாத அளவுக்கு. வலப்பக்கம் சாய்ந்தால் நெஞ்சுக்கு முன்னால் தலையணை, அதன்மேல் இடக்கை. முதல் வாரத்திலேயே இரவில் விழிக்கும் தடவை பாதியாகக் குறைந்தது. உடை உடுத்தும்போது வலிக்கும் கையை முதலில் நுழைத்துக் கடைசியில் எடுப்பது, பின்னால் கொக்கி போடுவதை விடுவது, பேருந்தில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் வலக்கையால் மட்டும் பிடிப்பது, வாளி வலக்கையில். இவை சின்னவை, ஆனால் நாள் முழுதும் தோளைக் கிளறுபவை இவைதான்.

வீட்டுப் பயிற்சி இரண்டே. மேசைமேல் துண்டை விரித்துக் கையை அதில் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்துக் கையைத் தள்ளிக்கொண்டே போவது: 10 முறை, முனையில் மூன்று விநாடி. மல்லாந்து படுத்து, முழங்கையின் கீழ் துண்டு வைத்து, குடைக்கம்பை இரண்டு கையாலும் பிடித்து வலக்கையால் இடக்கையை வெளியே தள்ளுவது: 10 முறை, ஐந்து விநாடி. நாளைக்கு மூன்று வேளை, வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு. வலி மூன்றைத் தாண்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு அடங்க வேண்டும். அன்றிரவு உறக்கம் முந்தைய இரவைவிடக் கெடக்கூடாது. இந்த மூன்றில் ஒன்று மீறினால் மறுநாள் பாதி அளவு. விதியைத் தாளில் எழுதிக் கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டோம்.

வருகையில் மூட்டைப் பின்பக்கமாக நகர்த்தும் மெல்லிய அசைப்பு மட்டும்: அசைப்புத் தரங்களில் மென்மையான முதல், இரண்டாம் தரம், 30 விநாடி வீதம் நான்கைந்து தொகுதி, தடையைத் தொடாமல்.

மூன்றாவது வாரக் கடைசியில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 140-க்கு வந்தது. மருத்துவர் அல்ட்ராசவுண்டில் பார்த்து மூட்டுக்குள் 40 மி.கி. ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். மறுநாள் சர்க்கரை 270-ஐத் தாண்டியது. ஐந்து நாளில் இறங்கியது. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் பதறவில்லை. தினமும் பார்த்து எழுதி மருத்துவருக்குத் தெரிவித்தார்.

நான்காம் வாரம் முதல்: நடுநிலை

ஊசிக்குச் சில நாள் கழித்து இரவு வலி மூன்று. வலி இப்போது அசைவின் முனையில் மட்டும், தடையோடு சேர்ந்து வந்தது. வெளிச்சுழற்சி 24 பாகை. நிலை மாறியதால் அளவும் மாறியது. குடைக்கம்புப் பயிற்சியில் முனையில் 20 விநாடி, ஐந்து முறை. கதவு நிலையில் முன்கையை ஊன்றி உடம்பை மெல்லத் திருப்புவது புதிதாகச் சேர்ந்தது. தசை வலுவுக்கு, கையைப் பக்கத்தில் வைத்தபடி சுவரில் அசைவின்றி அழுத்துவது, ஐந்து விநாடி வீதம் பத்து.

கையால் செய்யும் அசைப்பில் ஒரு தேர்வு உண்டு. வெளிச்சுழற்சி குறைந்தால் மேற்கை எலும்பின் பந்துமுனையை முன்பக்கமாக நகர்த்த வேண்டும் என்பது பழைய பாடம். 2007-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் பின்பக்கமாக நகர்த்தியவர்களுக்கே வெளிச்சுழற்சி பெரிதும் கூடியது. முன்பக்கமாக நகர்த்தியவர்களுக்குச் சில பாகை மட்டும். நாங்கள் பின்பக்க நகர்வையே எடுத்தோம். தோள்பட்டை எலும்பின் கீழே சுருட்டிய துண்டு, கை அவருக்கு எட்டிய அளவு விலகி வெளியே திரும்பிய முனையில், பந்துமுனையைப் பின்னாலும் சற்று வெளியேயும் அழுத்திக் குறைந்தது ஒரு நிமிடம் நிறுத்துதல். இடைவெளிகளைச் சேர்க்காமல் மொத்தம் 12 முதல் 15 நிமிடம். அடிக்கடி நடக்கும் பிழை, உள்ளங்கை அடியைத் தோள்முகட்டு எலும்பில் வைத்து அழுத்துவது. எலும்பு வலிக்குமே தவிர மூட்டு நகராது. முகட்டுக்கு ஒரு விரல் கீழே, பந்துமுனையின் மேல் கை இருக்க வேண்டும்.

எட்டாவது வாரம் வெளிச்சுழற்சி 36, முன்னுயர்த்தல் 132, ஸ்பாடி 44.

பத்தாவது வாரத்துப் பின்னடைவு

மழை நின்று சில நாள் வெயில் கிடைத்தது. வலி குறைந்த தெம்பில் அவர் தோட்டத்தில் இறங்கி, மேல்வெட்டு மரங்கள் உட்பட முழு வரிசையும் வெட்டினார். இரண்டாவது வெட்டு நாளன்றே இரவு வலி ஏழுக்கு ஏறியது. வெளிச்சுழற்சி 36-இலிருந்து 27.

இங்கே எடுத்த முடிவு, பயிற்சியை முற்றிலும் நிறுத்தாமல் அளவை உயர்நிலைக்குரியதாக இறக்கியதே. பெயர் மாறவில்லை, சீற்றம்தான் மாறியது. முதல் மூன்று வாரத்தின் அளவுகளை அப்படியே பத்து நாள் செய்தார். வலி நான்குக்கு இறங்கியதும் நடுநிலை அளவுக்குத் திரும்பினோம். இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை.

கூடவே மரக் கணக்கில் ஒரு வேலைத் திட்டம் எழுதினோம். முதல் வாரம் இடுப்பு உயரத்தில் வெட்டு உள்ள 60 மரம் மட்டும். அன்றிரவு வலி மூன்றுக்குள் இருந்தால் அடுத்த வாரம் 60 கூட்டலாம். மேல்வெட்டு மரங்கள் கணவருக்கு. ஷீட் காயப்போடும் கொடியைத் தோள் உயரத்துக்குக் கீழே கட்டச் சொன்னோம். ரோலர் கைப்பிடியை வலக்கையால் சுற்றலாம், இடக்கை ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும். இப்படி மரமாக எண்ணிச் சொன்ன பிறகு அவர் மீறவில்லை. 'அளவாக வேலை செய்யுங்கள்' என்ற பொதுப் பேச்சு, கூலி மரக் கணக்கில் வரும் வீட்டில் எடுபடாது.

விளைவு

நான்காவது மாதத்தில் தாழ்நிலை. இப்போதுதான் முனைவரை அழுத்திய நீட்டல், நான்காம் தர அசைப்பு, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலிழுப்பது, நெஞ்சுக்குக் குறுக்காகக் கையை இழுப்பது எல்லாம் வந்தன; ஒவ்வொன்றும் 30 முதல் 60 விநாடி. எந்தப் பயிற்சி அவரை ஏப்ரலில் கெடுத்ததோ, அதே இழுவை ரப்பரைச் செப்டம்பரில் வலியில்லாமல் செய்தார். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக்கொண்டால் போதும். அகலத்தைக் கூட்டி எதிர்ப்பைக் கூட்டலாம். 12 முறை வீதம் மூன்று தொகுதி, வாரத்தில் மூன்று நாள்.

ஆறாவது மாதம் வெளிச்சுழற்சி 49, முன்னுயர்த்தல் 150, ஸ்பாடி 19. பன்னிரண்டாவது மாதம் வெளிச்சுழற்சி 58, முன்னுயர்த்தல் 160, கட்டைவிரல் இடுப்பு முதுகெலும்பின் மேல்பகுதிவரை, ஸ்பாடி 9. பத்திலிருந்து பதின்மூன்று புள்ளி குறைந்தாலே அன்றாட வாழ்வில் தெரியும் மாற்றம் எனக் கொள்ளப்படும் அளவுகோலில் இது பெரிய முன்னேற்றம். வலத்தோளின் 72 பாகையை இடத்தோள் எட்டவில்லை. முழுக் கோணமும் திரும்பாமல் சில பாகை நின்றுவிடுவது சர்க்கரை உள்ளவர்களிடம் வழக்கம். அதைத் துரத்தி மேலும் இழுக்கவில்லை. ஹெச்பிஏ1சி 7.2. கீழ்வெட்டு மரங்கள் முழுவதையும் அவரே வெட்டுகிறார், தலையும் தானே பின்னுகிறார். மேல்வெட்டு இன்னும் கணவரிடம்தான்.

மயக்க மருந்தில் கையை அசைத்து விடுவது, துளை அறுவையில் உறையை வெட்டுவது ஆகியவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. இங்கிலாந்தில் 503 பேரை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு, இந்த இரண்டையும் ஊசியோடு சேர்ந்த திட்டமிட்ட பிசியோதெரபியோடு ஒப்பிட்டது. ஓராண்டில் எதுவும் மற்றதைவிட மருத்துவ ரீதியில் மேலோங்கி நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நகராமல் நிற்கும் தோளுக்கு அவற்றை யோசிக்கலாம். நான்காம் வாரத்திலேயே நகரத் தொடங்கிய தோளுக்குத் தேவையில்லை.

இதன்பிறகு மாற்றியவை

தோள்வலியோடு வரும் 40 வயதைக் கடந்த அனைவருக்கும், ஸ்கேன் அறிக்கையைத் திறக்குமுன் இரண்டு பக்க வெளிச்சுழற்சியும் அளந்து எழுதப்படுகிறது. முதல் வருகையிலேயே சர்க்கரைப் பரிசோதனைக்குக் கடிதம் போகிறது. ஊசிக்கு மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்ததை இது சுருக்கும். எக்ஸ்ரே கேட்கும் கடிதத்தில் இரண்டாவது கோணப் படமும் பெயரோடு எழுதப்படுகிறது. சிகிச்சை அட்டையில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் சீற்ற நிலைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வருகையிலும் அது புதிதாக நிரப்பப்படுகிறது, ஏனென்றால் அது வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது. தொழில் விவரத்தில் 'ரப்பர்' என்று மட்டும் எழுதாமல் கீழ்வெட்டு எத்தனை மரம், மேல்வெட்டு எத்தனை மரம் என்று எழுதுகிறோம். வேலைக்குத் திரும்பும் திட்டத்தை வலி குறையத் தொடங்கும் வாரத்திலேயே கையில் கொடுக்கிறோம்.

ஊர் ஆசான்களோடு பேசுவதும் தொடங்கியிருக்கிறது. தடவல் இதம் தரும், அதில் பிணக்கில்லை. கையைப் பக்கத்தில் வைத்து வெளியே திருப்பினால் மறுகையில் பாதிகூடப் போகவில்லை என்றால் இழுக்காமல் அனுப்பிவையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். இதைப் பார்க்கக் கோணமானி வேண்டாம், கண்ணே போதும்.

இவருடைய வலத்தோள் பன்னிரண்டாவது மாதத்தில் 70 பாகை. ஒரு தோள் உறைந்தவர்களில் சிலருக்குச் சில ஆண்டுக்குள் மறுதோளும் உறைவதுண்டு. மாதம் ஒருமுறை இரண்டு முழங்கையையும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் முன்கைகளை வெளியே விரித்துப் பார்க்கவும், வலக்கை பின்தங்கினால் வலி இல்லாவிட்டாலும் அந்த வாரமே வரவும் சொல்லியிருக்கிறோம்.